"நாலு பேர் என்ன சொல்வாங்க?" – 50 பேரோடு கல்யாணம் முடிப்பது எப்படி?

#1 வைகைக்கரை

மண்டபம், ஆயிரம் இலை, மேடை அலங்காரம், இரண்டு வேளை வரவேற்பு எதுவும் வேண்டாம், நெருங்கியவர்கள் 50 பேர் போதும் என்று நினைக்கும் ஜோடிகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். நினைப்பதில் சிரமம் இல்லை. நிச்சயத்திலிருந்து பதிவு அலுவலகம் வரை அந்த முடிவு கலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சிரமம். "ஒரே பிள்ளை, ஊர் என்ன நினைக்கும்" என்று நடுவில் யாரோ ஒருவர் கண்கலங்கிச் சொன்னால் போதும், 50 பேர் 800 பேராகிவிடும். ஊரின் கண்ணுக்குப் பயந்து செய்த அந்தக் கல்யாணத்தின் கடனை அடுத்த ஐந்து வருடம் கட்டப்போவது ஊர் இல்லை.

"உன் மனசு சொல்றதைக் கேள்" வகை ஆறுதல் இந்த இழையில் வேண்டாம். பெற்றோரிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது, பட்டியலை எங்கே வெட்டுவது, மொய்க்கு என்ன வழி, சட்டப்படி எது செல்லும், எது செல்லாது, 50 இலைக்கு எவ்வளவு அரிசி, இதெல்லாம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 நடுவீடு

பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிறையப் பேர் தோற்பது அங்கேதான்.

முதல் தப்பு, காரணம் சொல்வது. "செலவு அதிகம்ப்பா" என்று சொன்னால் "பி.எஃப்.ல பணம் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்பார். "லீவு கிடைக்காது" என்றால் "ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருக்கு". "அலைச்சல் வேண்டாம்" என்றால் "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், வந்து உக்காந்தா போதும்". ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு தீர்வு இருக்கும், அது அன்பான தீர்வாகவும் இருக்கும். எல்லாக் காரணமும் தீர்ந்தபின் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. "இப்ப என்னதான் பிரச்சினை?" என்று கேட்டால் பதில் இருக்காது. உண்மையான பதில் "எங்களுக்கு இது பிடிக்கவில்லை, அது பிடித்திருக்கிறது" என்பது. அதை முதல் நாளே சொல்லாமல் செலவு, லீவு என்று மறைத்ததால் வந்த வினை இது.

எனவே விருப்பத்தை விருப்பமாகவே சொல்லுங்கள். இப்படி:

"அப்பா, அம்மா, எங்க கல்யாணம் 50 பேரோட, வீட்டு ஆளுங்களோட நடக்கணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிருக்கோம். உங்களுக்கு இதுல மனசு கஷ்டம் இருக்கும்னு தெரியும். முடிவு மாறாது. நீங்க முன்னாடி நின்னு நடத்தணும்னு ஆசைப்படறோம்."

நாலு வாக்கியம். இதில் ஒன்றுகூடக் கேள்வி கிடையாது. "பண்ணலாமா?" என்று முடித்தீர்கள் என்றால் அனுமதி கேட்டுவிட்டீர்கள், அனுமதி கேட்டால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கலந்து பேசுவது வேறு, அனுமதி கேட்பது வேறு. இந்த வித்தியாசம் நம் வீடுகளில் வாக்கியத்தின் வால் எழுத்தில் இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை: இரண்டு பேரும் தனித்தனித் தாளில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஐந்து விஷயம் எழுதுங்கள். எத்தனை பேர், எங்கே, என்ன சடங்கு, யார் பணம், எந்த மாதம். பிறகு ஒப்பிடுங்கள். தாலி வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறாக இருப்பது ரொம்ப சகஜம். அது பெற்றோர் முன்னிலையில் தெரியவந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அவளே சரின்றா, உனக்கு என்ன?" என்று ஒரு வரியில் மடக்கிவிடுவார்கள்.

ஒப்பிட்டு முடித்தபின் அதே விஷயங்களை மூன்றாகப் பிரியுங்கள். மாறவே மாறாதவை, பேசித் தீர்க்கக்கூடியவை, முழுக்கப் பெற்றோரிடம் விட்டுவிடுபவை. மூன்றாவது பகுதி காலியாக இருக்கக் கூடாது. புடவை, நாள், சாப்பாட்டு வகை, யார் கையால் மாலை எடுத்துக் கொடுப்பது என்று நிஜமாகவே அவர்கள் தீர்மானிக்க மூன்று நாலு இருக்க வேண்டும். அங்கே அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது.

பணம்: பெற்றோர் பணத்தில் 50 பேர் கல்யாணம் நடக்காது. கொடுப்பவருக்குக் கூப்பிடும் உரிமையும் வந்துவிடும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பொதுவாக வாங்காதீர்கள், ஒரு பொருளுக்கு வாங்குங்கள். "அம்மா, தாலிச் செயின் நீங்க போடுங்க." அதோடு சரி.

அழுகை வரும், "எங்க உயிர் போனப்புறம் உன் இஷ்டப்படி பண்ணிக்கோ" என்பதும் வரும். அன்று இரவு எந்த முடிவும் எடுக்க வேண்டாம், பதில் வாதமும் வேண்டாம். தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாரம் கழித்து அதே நாலு வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வாக்கியம் மாறினால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் மாறும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

#3 மொய்நோட்டு

நடுவீடு சொன்னது பேச்சுவரை சரி. ஆனால் பெற்றோரின் தயக்கம் முழுவதையும் "ஊர் மெச்ச வேண்டும்" என்ற ஆசை என்று எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அதில் பாதி வரவு செலவு.

மொய் என்பது வட்டியில்லாக் கடன். முப்பது வருடமாக ஒருவர் 300 வீட்டு விசேஷத்துக்குப் போய் 500, 1000 என்று எழுதியிருக்கிறார். அது திரும்பி வரும் நாள் பிள்ளையின் கல்யாணம். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். அங்கே அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை "மொய் வேண்டாம், 50 பேர் போதும்" என்றால் அப்பாவின் சேமிப்பை அப்பாவைக் கேட்காமல் தள்ளுபடி செய்கிறான் என்றுதான் அர்த்தம்.

அதற்காக முடிவை மாற்றச் சொல்லவில்லை. கணக்கைத் தனியே தீருங்கள்.

மொய் நோட்டை எடுத்துவைத்து மூன்று பட்டியல் போடுங்கள். நமக்கு மொய் தர வேண்டியவர்கள், நாம் மொய் செய்ய வேண்டியவர்கள், சமமாக இருப்பவர்கள். செய்ய வேண்டியவர்கள் பட்டியலுக்கும் உங்கள் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் செய்தால் தீர்ந்தது. தர வேண்டியவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வீட்டில் இரண்டு மூன்று வருடத்தில் காதணி விழாவோ புதுமனை புகுவிழாவோ வரும் என்றால் அதுவரை தள்ளிவைப்பது. இன்னொன்று, பெற்றோர் தங்கள் பெயரில், தங்கள் செலவில், வேறொரு நாளில் ஒரு மதியச் சாப்பாடு போடுவது. பத்திரிகையில் அழைப்பவர்கள் அப்பா அம்மா. மேடை கிடையாது, நீங்கள் அலங்காரத்தோடு நிற்க வேண்டியதில்லை. வேட்டி புடவையில் வந்து பந்தியில் பரிமாறினால் போதும்.

இந்த இரண்டாவது வழியில் ஓர் ஆபத்து உண்டு. அந்தச் சாப்பாடு கல்யாணத்துக்கு முன்னால் வரவே கூடாது. முன்னால் வைத்தால் அதுவே கல்யாணமாகிவிடும், 50 பேர் நிகழ்ச்சி வெறும் சடங்காகத் தேய்ந்துவிடும். குறைந்தது ஒரு மாதம் கழித்து வையுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று: பத்திரிகையில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று அச்சடித்துவிட்டு, பின்கட்டில் அப்பா கவர் வாங்கிக்கொள்வது. கொடுக்காமல் போனவர்கள் மறுநாள் கேள்விப்படுவார்கள். வாங்கினார்களா இல்லையா என்று ஊர் பேசுவது பிறகு. "நம்மை மட்டும் ஏன் விட்டார்கள்" என்ற வருத்தம் பத்து வருடம் நிற்கும்.

#4 வைகைக்கரை

மொய்நோட்டு சொன்னதை இதுவரை யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லிக் கேட்டதில்லை. நன்றி.

அடுத்த கேள்வி. பிள்ளைகள் சென்னையிலோ கோவையிலோ போய் இருந்துவிடுவார்கள். டீக்கடையில், கோயில் வாசலில் தினமும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்பா அம்மாதான். அவர்களை என்ன செய்வது?

#5 நடுவீடு

அவர்கள் கையில் ஒரு பதிலைக் கொடுத்துவிட வேண்டும்.

"ஏன் எங்களைக் கூப்பிடலை?" என்று கேட்கும்போது அப்பா தடுமாறுவது அவமானத்தால் மட்டுமில்லை, சொல்லச் சொல் இல்லாததாலும்தான். முன்கூட்டியே உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பிள்ளைங்க இப்படி வேணும்னு ஆசைப்பட்டாங்க, நாங்களும் கூட நின்னு செஞ்சோம். ஒரு நாள் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றோம்." இதில் மன்னிப்பு இல்லை, பிள்ளையைப் பழிப்பதும் இல்லை. "அவன் கேக்கமாட்டேன்னுட்டான்" என்று அப்பா சொல்லிவிட்டால் கேட்டவர் அனுதாபம் காட்ட ஆரம்பிப்பார், அனுதாபம்தான் அப்பாவை உடைக்கும். அதே வாக்கியம் அம்மாவிடமும் இருக்க வேண்டும், வார்த்தை மாறாமல். இரண்டு பேர் இரண்டு காரணம் சொன்னால் ஊருக்கு மூன்றாவது காரணம் கிடைத்துவிடும்.

கடைசி வரி வெறும் பேச்சாக நிற்கக் கூடாது. கல்யாணமான முதல் மாதத்தில் இரண்டு வார இறுதியை ஒதுக்கி, 15, 20 வீட்டுக்குப் பெற்றோரோடு நேரில் போங்கள். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், அரை மணி நேரம். மண்டபத்தில் 800 பேரில் ஒருவராக வந்து மேடையில் பத்து நொடி நின்று போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, வீடு தேடி வந்து காபி குடித்துவிட்டுப் போனதை அத்தை பெரிதாகச் சொல்லிக்கொள்வார். மனத்தாங்கலில் பெரும்பங்கு இதிலேயே கரைந்துவிடும்.

செய்தி சொல்லும் வரிசையும் முக்கியம். தாய்மாமன், அத்தை, பெரியப்பா, சித்தப்பா நாலு பேருக்கும் நீங்களே போன் செய்து சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன். தாய்மாமனுக்குக் கடைசியில் தெரிந்தால் 50 பேர் கல்யாணமும் நடக்காது. இது அவருக்குப் பயந்து செய்வதில்லை. அவருக்குரிய மரியாதை அது, முடிவு உங்களுடையது.

#6 முத்திரைத்தாள்

சட்டப் பக்கம். இதில் தெளிவு இருந்தால் பேச்சில் பாதி பயம் போய்விடும்.

இருவரும் இந்து என்றால், தமிழ்நாட்டுக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு இருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒரு காலத்தில் தீர்ப்பளித்திருந்தது. அண்ணா ஆட்சியில் 1967ல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது.

பிரிவு கேட்பது மிகக் கொஞ்சம். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்வது, அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வது, அல்லது தாலி கட்டுவது. "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்றும் வேண்டியதில்லை, ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஊரறிய நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நாலு பேருக்குத் தெரியாம நடந்தா அது கல்யாணமே இல்ல" என்று வாதாடும் சித்தப்பாவுக்கு இதைச் சொல்லலாம்.

தப்பு நடக்கும் இடங்கள்:

பதிவு மட்டும் செய்தால் போதும் என்று நினைப்பது. இந்து திருமணச் சட்டத்தில் சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணமாகாது என்று 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் மாலை மாற்றுவதே போதும், ஆனால் அது நிஜமாக நடக்க வேண்டும். நடந்ததற்கு அடையாளமும் வேண்டும். இருவர் முகமும் சாட்சிகள் முகமும் ஒன்றாகத் தெரியும் போட்டோ, முன்னிலையில் இருந்த இரண்டு மூன்று பேரின் கையெழுத்து, தேதியும் இடமும் உள்ள பத்திரிகை. 20 பத்திரிகையாவது அச்சடியுங்கள். அழைக்க வேண்டும் என்பதற்காக இல்லை, பதிவின்போது கேட்பார்கள் என்பதற்காக.

பெங்களூரில் வேலை, அங்கேயே நண்பர்கள் முன் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது. 7ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். எல்லை தாண்டிச் செய்துவிட்டு இதை நம்பாதீர்கள். ஓசூருக்கு வந்து செய்தால் சிக்கல் இல்லை.

பதிவைத் தள்ளிப்போடுவது. 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள் கேட்பார்கள். முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்று. பள்ளிச் சான்றிதழில் ஒரு இன்ஷியல், ஆதாரில் வேறு இன்ஷியல், அப்பா பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம், இதுதான் அதிகம் திருப்பி அனுப்பப்படும் காரணம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே சரிபாருங்கள்.

மதம் வேறு என்றால், அல்லது சடங்கே வேண்டாம் என்றால், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வேறு மாவட்டத்தில் நிரந்தர முகவரி இருந்தால் நோட்டீஸ் நகல் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் போய், அங்கேயும் பலகையில் ஒட்டப்படும். வீட்டுக்கு இன்னும் சொல்லாதவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஆட்சேபம் வந்தால் பதறாதீர்கள். வயது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவி, மனநிலைத் தகுதி, விலக்கப்பட்ட உறவுமுறை, இவ்வளவுதான் காரணமாக ஏற்கப்படும். "எங்களுக்குச் சம்மதமில்லை" என்பது ஆட்சேபமே இல்லை.

ஒரு சின்ன விஷயம், நம் ஊருக்கே உரியது. அத்தை மகன், மாமன் மகள் உறவு சிறப்புத் திருமணச் சட்டத்தின் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் இருக்கிறது. வழக்கத்தைக் காட்டி விலக்குப் பெறும் வழி சிக்கலானது. அப்படிப்பட்ட ஜோடிக்கு 7ஏ வழிதான் நேர்வழி.

#7 மணல்வீடு

சாதி மாறிச் செய்பவர்களுக்கு நடுவீடு சொன்ன முறை பொருந்துமா? "முடிவு மாறாது, நீங்க வந்து நிக்கணும்" என்று சொன்னால் அடுத்த நாள் போனைப் பிடுங்கி அறையில் பூட்டும் வீடுகள் இருக்கின்றன.

#8 நடுவீடு

பொருந்தாது. கேட்டது நல்லது. நான் எழுதியது வருத்தப்படும் பெற்றோருக்கு. அடிக்கக்கூடிய வீட்டுக்கு வேறு வரிசை.

மிரட்டல், அடி, வெளியே விடாமல் வைத்தல், உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து பேசுதல் இவற்றில் ஒன்று முன்பே நடந்திருந்தால் முன்கூட்டி அறிவிக்கவே கூடாது. உண்மையாக இருப்பது என்றால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு ஆபத்தில் போய் விழாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் சொன்னாலும் அது உண்மைதான்.

#9 முத்திரைத்தாள்

அந்த வரிசையைச் சொல்கிறேன்.

கல்விச் சான்றிதழ்கள், ஆதார், பாஸ்போர்ட் அசலை முதலில் வீட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இயலாவிட்டால் ஸ்கேன் செய்து நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். வங்கிக் கணக்கில் அப்பா கூட்டுக் கணக்குதாரர் என்றால் தனிக்கணக்கு தொடங்குங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

நோட்டீஸ் காலம் 30 நாள் என்பதால், உயிராபத்து இருக்கும் இந்து ஜோடிகளுக்கு 7ஏ வழி பாதுகாப்பானது. ஒரே நாளில் முடியும். ஆண் 21, பெண் 18 முடிந்திருக்க வேண்டும். இதில் ஒரு நாள் குறைந்தாலும் எதிர்த்தரப்புக்குப் புகார் கொடுக்க வழி கிடைத்துவிடும்.

முடிந்தவுடன் இருவரும் கையெழுத்திட்ட மனு: "எங்கள் விருப்பத்தின் பேரில் திருமணம் செய்துகொண்டோம், இன்ன இன்னாரால் ஆபத்து இருக்கிறது, பாதுகாப்பு வேண்டும்." மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு. நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள், இன்னொரு பிரதியை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டில் "பெண்ணைக் காணோம்" என்று புகார் கொடுத்திருப்பார்கள். உங்கள் மனு அதற்கு முன் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு.

வயது வந்த இருவர் சம்மதித்துத் திருமணம் செய்ய குடும்பத்தின், சமூகத்தின் சம்மதம் தேவையில்லை என்று 2018ல் சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்று அதே தீர்ப்பில் உத்தரவு உண்டு. மனுவில் இந்தத் தீர்ப்பின் பெயரை எழுதுங்கள். "ரெண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்" என்று நிலையத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில்தான் பெண் வீட்டோடு அனுப்பப்படுகிறாள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

#10 இலைக்கணக்கு

பட்டியலும் சாப்பாடும் என் பக்கம்.

"50 பேர்" என்று சொல்பவர்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணுவோம். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர், அம்மாவுக்கு மூன்று பேர் என்று வையுங்கள். ஆறு குடும்பம், கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் என்றால் 24. இரண்டு பக்கமும் சேர்த்து 48. நாலு பெற்றோர், இரண்டு பக்கமும் ஒரு அண்ணனோ அக்காவோ ஜோடியாக, மொத்தம் 56. இன்னும் ஒரு நண்பர்கூட வரவில்லை, தாத்தா பாட்டி வரவில்லை. ஆகவே 50 என்பது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் எண்தானா என்று முதலில் பாருங்கள். 80 என்று உண்மையைச் சொல்லி அதில் நிற்பது, 50 என்று சொல்லி 120ல் முடிவதைவிட மேல்.

வெட்டும்போது ஆளைப் பார்த்து வெட்டாதீர்கள், முறையைப் பார்த்து வெட்டுங்கள். "கூடப்பிறந்தவர்கள், அவர்கள் துணை, அவ்வளவுதான்" என்றால் யாரும் தனிப்பட்ட முறையில் விலக்கப்படவில்லை. "பெரியப்பா மகனில் ஒருத்தன் மட்டும், அவன் க்ளோஸ்" என்று ஒரு விதிவிலக்கு வைத்தீர்கள் என்றால் அந்த ஓட்டை வழியாக ஊரே வந்துவிடும்.

சமையல். பந்தி ஒப்பந்தக்காரர்கள் பலர் 100 இலைக்குக் கீழ் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் ஆள்கூலி அதேதான் என்பதால் இலை விலை ஏறும். ஒரு சமையல்காரர், இரண்டு உதவியாளர் பிடித்து மளிகையை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. 60 இலைக்கு, அதாவது 50 விருந்தினர், சமையலாள், டிரைவர், போட்டோகிராபர் சேர்த்து: பொன்னி அரிசி 7 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 1.75 கிலோ, பொரியல் கூட்டுக்குக் காய் வகைக்கு 3.5 கிலோ, தயிர் 5 லிட்டர், பாயசம் 6 லிட்டர், அப்பளம் 80. இலை 70 வாங்குங்கள், ஓரம் கிழிந்தது பத்து இருக்கும்.

பதினெட்டு வகை வைக்காதீர்கள். ஒன்பது வகை போதும். சின்னக் கூட்டத்துக்கு அதிக வகை வைத்தால் ஒவ்வொன்றும் அடிப்பாத்திரத்தில் மிஞ்சும், சூடும் ஆறும். 50 பேரில் கிடைக்கும் ஒரு பெரிய வசதி, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரலாம். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று அவசரப்படுத்த ஆளில்லை. பாயசத்தை மாப்பிள்ளையும் பெண்ணும் கையில் எடுத்து இலை இலையாக ஊற்றிப் போகலாம். தாத்தா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நின்று பார்க்கலாம்.

#11 மணல்வீடு

இன்னொன்று சேர்க்கத் தோன்றுகிறது. ஊர் மெச்சுவதை விட்டவர்கள் சிலர், எளிய கல்யாணத்தையே நண்பர்கள் மெச்ச வேண்டும் என்ற இடத்தில் போய் நிற்கிறார்கள். காட்டன் புடவை, மண் குவளை, மரத்தடி, அதை எடுக்க மூன்று கேமரா, ட்ரோன். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று முதலிரவில் போனைத் திறந்து பார்ப்பது. பெரியம்மாவுக்குப் பதில் முகம் தெரியாதவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உதவும் ஒரு ஏற்பாடு: 30 நாள் எந்தப் படமும் பொதுவெளியில் போடுவதில்லை என்று இருவரும் முன்பே பேசிக்கொள்வது, வந்தவர்களிடமும் கேட்டுக்கொள்வது. அந்த ஒரு மாதத்தில் #5ல் சொன்னபடி வீடு வீடாகப் போய்வருவதும் முடிந்துவிடும். படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு கோபப்படும் உறவும் குறையும்.

#12 வைகைக்கரை

30 நாள் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: முதலில் 50 பேருக்குச் சம்மதித்துவிட்டு, பத்திரிகை அடிக்கும் வாரத்தில் "ரிசப்ஷன் மட்டும் ஒண்ணு வெச்சுடலாம், சின்னதா" என்று ஆரம்பிப்பார்களே, அதற்கு?

#13 மொய்நோட்டு

அது சின்னதாக இருக்கவே இருக்காது. "சின்னதா"வுக்கு எண் கேளுங்கள். "எத்தனை பேருப்பா?" 150 என்பார். யார் யார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத ஆரம்பித்தால் 300ல் நிற்கும், அவருக்கே அது தெரியும். அப்போது #3ல் சொன்ன மதியச் சாப்பாட்டை எடுத்து வையுங்கள். அவர் பெயரில், அவர் செலவில், ஒரு மாதம் கழித்து. இல்லை என்றால் இல்லை. இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும், கல்யாண நாளைத் தொடக்கூடாது.

#14 நடுவீடு

அத்தோடு, அந்த வாரம் வருவதற்குள் மூன்று விஷயத்தை முடித்து வைத்திருங்கள்: இடத்துக்கு முன்பணம், சமையல்காரருக்கு முன்பணம், தாய்மாமனுக்குத் தேதி. மூன்றாவதுதான் முக்கியம். மாமாவிடம் தேதியையும் எண்ணிக்கையையும் அம்மா தன் வாயால் சொல்லிவிட்டால், அதை மாற்ற அம்மாவே விடமாட்டார்.